நடவு வரிசையில் எனக்கொரு இடம்

முதலில் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். என் கையெழுத்து நண்டு ஓடிய வரப்பு மாதிரி இருக்கும். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு நின்றவன் நான். எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்பதெல்லாம் எனக்கு இன்றைக்கும் குத்துமதிப்புதான். என் மகள் ஒரு பக்கம் படித்துப் பார்த்துவிட்டு, "பென்சிலால திருத்திக் குடுக்குறேம்ப்பா" என்று சொல்லியிருக்கிறாள். பிழையைத் திருத்தட்டும். விஷயத்தைத் திருத்தாமல் இருந்தால் போதும்.

எங்கள் ஊர் நூலகத்துக்கு ஒரு மலர் போடுகிறார்கள். ஊரில் முன்னுக்கு வந்தவர்கள் எல்லாம், அதற்குக் காரணமாக இருந்தவர்களைப் பற்றி ஆளுக்கு ஒரு கட்டுரை தர வேண்டுமாம். நான் எதில் முன்னுக்கு வந்தேன் என்று நூலகர் தம்பியிடமே கேட்டேன். "ஒங்க நடவு ஆளுங்களக் கூப்புட மன்னார்குடி தாண்டியும் வண்டி வருதுல்ல, அது போதும் எழுதுங்க" என்றார். நடவு என்பது பின்னால் நகர்ந்துகொண்டே செய்கிற வேலை. அதில் முன்னுக்கு வந்தேன் என்று எழுதினால் சிரிக்க மாட்டார்களா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. நிமிர்ந்து நின்று ஒருவர் முகத்தைப் பார்த்து ஒரு வாக்கியத்துக்கு மேல் பேச எனக்கு இன்றும் வராது.

சின்ன வயதில் அந்த ஒரு வாக்கியமும் வராது. யாராவது என் முகத்தைப் பார்த்துக் கேள்வி கேட்டால் தொண்டை அடைத்துக்கொள்ளும். அதோடு விட்டால் பரவாயில்லை. கையும் நின்றுவிடும். கூலிக்காரன் வீட்டுப் பிள்ளைக்கு வாய் நின்றால் மன்னிப்பு உண்டு, கை நின்றால் கிடையாது.

குடவாசலுக்கும் மன்னார்குடிக்கும் நடுவில் எங்கள் ஊர். வயலில் ஆம்பளைக்கு ஒரு வேலை, பொம்பளைக்கு ஒரு வேலை. உழுவது, வரப்பு வெட்டுவது, நாற்றுப் பறிப்பது ஆம்பளை. நடுவது, களை எடுப்பது பொம்பளை. யார் எழுதி வைத்தார்கள் என்று தெரியாது. காவேரியில் தண்ணீர் வருவதைவிட ஒழுங்காக இது நடந்துகொண்டிருந்தது.

நாற்றுப் பறிப்பவர்கள் நாற்றங்காலில் எதிரெதிராக நின்று பறிப்பார்கள். அதுதான் எனக்கு வந்த வினை. எதிரே எப்போதும் ஒரு முகம். அப்போது கழகம் ஆட்சிக்கு வந்து சில வருஷம் ஆகியிருந்தது. நிலத்துக்கு உச்சவரம்பு, குத்தகைக்குச் சட்டம், கூலிக்குப் பேச்சுவார்த்தை என்று ரேடியோவில் தினம் ஒரு சேதி வரும். முதல் நாள் ராத்திரி ரேடியோவில் கேட்டதையும், மேடையில் கேட்டதையும் மறுநாள் நாற்றங்காலில் அதே குரலில் பேசிக் காட்டுவார்கள். இதில் கெட்டிக்காரர் என் அண்ணன். அண்ணனுக்குத் தொண்டை மதகு மாதிரி. திறந்துவிட்டால் கடைமடை வரை பாயும்.

"என்னடா, ஒன் வாய எங்க அடகு வச்சிருக்க?" என்று என்னைக் கேட்பார்கள்.

"அவன் பங்கயும் சேத்து அவங்கண்ணன் பேசிடுறான். வீட்டுக்கு ஒரு வாய்தான் அளந்து குடுத்திருக்கு."

எல்லோரும் சிரிப்பார்கள். கெட்ட எண்ணம் கிடையாது. ஆனால் சிரித்து முடித்துவிட்டு என் பதிலுக்காக முகத்தைப் பார்ப்பார்கள் பாருங்கள், அதோடு என் விரல் மரத்துவிடும். மற்றவர்கள் ஒரு முடி, அதாவது ஒரு கட்டு நாற்றைப் பறித்து, வேரை அலசி, கட்டி, பின்னால் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போயிருப்பார்கள். நான் ஒரு பிடி நாற்றைக் கையில் வைத்துக்கொண்டு அதே இடத்தில் நிற்பேன். கடைசியில் அண்ணனிடம் சொல்லிவிட்டார்கள், "தம்பிய நாளைக்கு அனுப்பாதப்பா" என்று.

அடுத்து எனக்கு மிச்சம் இருந்த இடம் பண்ணை மாட்டுத் தொழுவம்தான். நிலத்துக்காரர் தஞ்சாவூரில் இருந்தார். பண்ணையை நடத்தியது அவருடைய காரியக்காரர். மாடு கட்டவும் சாணி அள்ளவும் ஒரு ஆள் வேண்டும் என்று அவர் சொல்லி அனுப்பியிருந்தார். மாடு கேள்வி கேட்காது. எனக்குப் பொருத்தமான இடம் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் எங்கள் அப்பா அந்தத் தொழுவத்தில்தான் இருந்தார். ராத்திரி பகல் இல்லாத வேலை. கூப்பிட்ட குரலுக்கு ஓட வேண்டும். வெளியே வேறு வேலைக்குப் போகக் கூடாது. எங்கள் தெருவை அந்தத் தொழுவத்திலிருந்து வெளியே கொண்டுவரத்தான் விவசாயக் கூலிகள் சங்கமே வந்தது. அண்ணன் சங்கத்தில் கொடி பிடிக்கிறவர். அவர் தம்பி திரும்பவும் அங்கே போய் நின்றால் எப்படி இருக்கும்? அண்ணன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நானும் சாப்பிடவில்லை.

காப்பாற்றியது ஒரு கயிறு.

அந்த வருஷம் குறுவைக்குப் பண்ணையில் ஒரு வயலை மாதிரி வயல் என்று எடுத்தார்கள். விவசாய இலாகா அதிகாரி ஜீப்பில் வந்தார். புது ரக நெல்லைக் கயிறு பிடித்து வரிசையாகத்தான் நட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். கயிற்றின் இரண்டு முனையையும் இரண்டு வரப்பில் ஆள் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். கயிற்றை ஒட்டி ஒரு வரிசை நட்டு முடிந்ததும், "கயிறு" என்று ஒரு குரல் வரும். ஒரு சாண் நகர்த்த வேண்டும். அவ்வளவுதான் வேலை. என் அண்ணி நடவுக்குப் போகிறவர். அவர்தான் பெரியக்காவிடம் சொல்லி என்னை ஒரு முனையில் நிறுத்தினார்.

பெரியக்கா என்றால் யாருக்கும் கூடப் பிறந்த அக்கா இல்லை. நடவுக்கு ஆள் சேர்த்து, வயலில் யார் எங்கே இறங்குவது என்று சொல்கிறவர். ஐம்பதைத் தாண்டிய வயது. வெற்றிலை போடாத நேரத்தில் அவர் வாய் சும்மா இருக்காது. போட்ட நேரத்திலும் இருக்காது.

மூன்று நான்கு நாள் கயிறு பிடித்திருப்பேன். ஒரு நாள் காலையில் வரிசையில் இருந்த ஒரு அத்தைக்கு, மகளுக்கு வலி எடுத்துவிட்டது என்று ஆள் வந்து சொன்னது. அவர் சேற்றுக் காலோடு கரையேறி ஓடினார். நடவில் ஒவ்வொருவருக்கும் கை எட்டும் அகலத்துக்கு ஒரு பத்தி உண்டு. நட்டுக்கொண்டே பின்னால் போக வேண்டும். அத்தையின் பத்தி பாதியில் நின்றது. பறித்த நாற்று வெயிலில் கிடந்தது. அன்றைக்கே நட்டாக வேண்டும்.

பெரியக்கா நிமிர்ந்து சுற்றிப் பார்த்தார். "தம்பி, அந்தக் கயித்த ஒரு குச்சில கட்டிட்டு எறங்கு."

நான் எனக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தேன்.

"பின்னால எருமமாடா நிக்கிது? ஒன்னத்தான்."

வரப்பில் ஒரு குச்சியை ஊன்றிக் கயிற்றைக் கட்டிவிட்டு இறங்கினேன். அத்தனை நாள் நான் செய்த வேலையைக் குச்சி என்னைவிட நன்றாகச் செய்தது. அசையக்கூட இல்லை.

முதலில் நான் நட்டதைப் பார்த்து அண்ணிக்கே வெட்கமாகப் போய்விட்டது. பலத்தையெல்லாம் கொடுத்து ஆழமாக அழுத்தினேன். நாற்று மூழ்கிப்போயிற்று.

"நாத்து நடச் சொன்னா பொணம் பொதைக்கிறான் பாரு" என்றார் பெரியக்கா. "கழுத்து வெளிய தெரியணும்டா. அது மூச்சு வுட வாணாமா?"

விரல் நுனியால் லேசாகச் செருகினேன். நின்றது. அதற்கு மேல் யாரும் எனக்கு எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லை. பக்கத்துக் கையைப் பார்த்தேன், என் கை அதைப் போலப் போயிற்று. உச்சி வெயில் வருவதற்குள் அந்த அத்தையின் பத்தி மற்றவர்களோடு சேர்ந்துவிட்டது.

அன்றைக்கு நான் கண்டுபிடித்த விஷயத்தை இப்போது சொன்னால் சின்ன விஷயமாகத் தோன்றும். நடவு நடும்போது யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. எல்லோரும் குனிந்திருக்கிறோம். எல்லோரும் சேற்றைப் பார்க்கிறோம். பேச்செல்லாம் சேற்றிடம்தான். அதிலிருந்து எடுத்துக்கொள்கிறவர் எடுத்துக்கொள்ளலாம், பதில் சொல்ல இஷ்டம் இல்லை என்றால் நட்டுக்கொண்டே போகலாம். யாரும் காத்துக்கொண்டு நிற்பதில்லை. என்னைப் போன்ற ஒருவனுக்கு இப்படி ஓர் இடம் உலகத்தில் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. அது எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது.

மறுநாளோ அதற்கு மறுநாளோ, அண்ணி ஒரு குறை சொல்லிக்கொண்டு நட்டார். ராத்திரி வைத்த மீன் குழம்பில் ருசி இல்லை என்று அண்ணன் தட்டைத் தள்ளிவிட்டாராம்.

"உப்பு கொறச்சலா?" என்றார் ஒருவர்.

"அதெல்லாம் சரியாத்தான் இருந்திச்சி."

"புளி கொறச்சலா இருக்கும்."

"புளி அளந்துதான போட்டன்."

நான் என் பாட்டுக்கு நட்டுக்கொண்டிருந்தேன். எப்படி வந்தது என்று தெரியாது, வாயிலிருந்து வந்துவிட்டது. "மீனுதான் கொறச்சல்."

வரிசை நின்றது. பிறகு ஒரு பெரிய சிரிப்பு. எல்லோரும் நிமிர்ந்து இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சிரித்தார்கள். பெரியக்கா வெற்றிலைச் சாறு புரையேறி இருமினார். "யாருடி அது பேசுனது? சேறா பேசுனது?" அண்ணி, "சேறு இல்லக்கா, எங்க வீட்டுல ஒண்ணு சும்மா உக்காந்து தின்னுட்டு இருந்திச்சில்ல, அது" என்றார். நான் மட்டும் நிமிரவில்லை. நிமிர்ந்தால் காரியம் கெட்டுவிடும் என்று எனக்குத் தெரியும்.

அதன் பிறகு தினம் கொஞ்சம் பேசினேன். அவர்களும் என் சுபாவத்தைத் தெரிந்துகொண்டார்கள். என்னிடம் நேராக எதையும் கேட்க மாட்டார்கள். எனக்கு முடி தீர்ந்துவிட்டதா என்று கேட்க வேண்டும் என்றால், "இந்த மூலையில யாருக்காச்சும் நாத்து வேணுமோ என்னமோ" என்று பொதுவாகச் சேற்றிடம் சொல்வார்கள். நானும் சேற்றிடம், "ரெண்டு முடி இருந்தா ஆவும்" என்பேன். என் பக்கம் ஒரு முடி பறந்து வந்து விழும். வாய் வந்ததும் கையும் வந்தது. மாதிரி வயல் முடிந்து, ஜீப் வருவது நின்று, கயிற்றைச் சுருட்டி வீட்டில் போட்ட பிறகும் மற்ற வயல்களில் நான் வரிசையில் இருந்தேன். எனக்கென்று ஒரு பத்தி.

தெருவில்தான் சங்கடம். சாயங்காலம் சேற்றைக் கழுவிவிட்டு வந்தால் தெருமுனையில் நிற்பவர்கள் விட மாட்டார்கள்.

"என்ன தம்பி, பூ வாங்கி வச்சிருக்கேன், வச்சி வுடவா?"

"கொலவை போடக் கத்துக்கிட்டானா இல்லையா? எங்க, ஒண்ணு போடு பாப்பம்."

அண்ணனுக்கு இது பெரிய அடி. "சங்கக் கூட்டத்துல இனிமே எவன் என் பேச்சக் கேப்பான்?" என்று வீட்டில் குதித்தார்.

"இப்ப மட்டும் எவன் கேக்குறான்" என்றார் அண்ணி, அடுப்பைப் பார்த்துக்கொண்டே.

கேலி என்றால் பொறுத்துக்கொண்டிருப்பேன். விஷயம் கூலிக்குப் போய்விட்டது. நடவுக் கூலி நாற்றுப் பறிக் கூலியைவிடக் குறைவு. பொம்பளைக் கூலி என்று அதற்குப் பெயர். காரியக்காரர் முதலில் சும்மா இருந்தார். பிறகு யோசித்திருக்கிறார். ஆம்பளைக்கு ஆம்பளைக் கூலி கொடுத்தால், பக்கத்தில் அதே வேலையைச் செய்கிறவர்கள் எங்களுக்கும் கொடு என்பார்கள். வரிசையில் இவன் நிற்பது பண்ணைக்கு ஆபத்து. சங்கச் செயலாளர் இன்னொரு பக்கம் யோசித்திருக்கிறார். ஒரு ஆம்பளை பொம்பளைக் கூலிக்கு இறங்கினால், நாளைக்கு எல்லா ஆம்பளைக்கும் அதையே கொடுப்பான் பண்ணைக்காரன். வரிசையில் இவன் நிற்பது சங்கத்துக்கு ஆபத்து.

அந்தச் சமயம் பண்ணைக்கும் சங்கத்துக்கும் ஜென்மப் பகை. முந்தின அறுவடைக்குப் பண்ணை வெளியூர் ஆளை இறக்கியது என்று சங்கம் வயலில் கொடி ஊன்றி, போலீஸ் வந்து, பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டு உட்கார்ந்து, ஒரு மாதம் பிள்ளைகளுக்குப் பாடமே இல்லை. காரியக்காரர் ஒரு வரப்பில் வந்தால் செயலாளர் வேறு வரப்பில் போவார். தாசில்தார் ஆபீசில் இரண்டு தரப்பையும் உட்கார வைத்துப் பேசினார்கள். சங்கம் கொண்டுபோன கோரிக்கை ஒன்றைக்கூடப் பண்ணை ஒப்புக்கொள்ளவில்லை. பண்ணை சொன்ன ஒன்றையும் சங்கம் ஏற்கவில்லை. தாசில்தார் களைத்துப்போய், எதிலாவது ஒத்துப்போகிறீர்களா என்று கேட்டாராம். இரண்டு பேரும் என்னை நடவிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்பதில் ஒத்துப்போனார்கள்.

அண்ணன் வந்து சொன்னார். சொல்லும்போது அவருக்கே சிரிப்பும் அழுகையுமாக இருந்தது. "நாட்டுல ஒருத்தனுக்கும் கெடைக்காத பெருமை ஒனக்கு. ரெண்டு கட்சியும் ஒண்ணா கையெழுத்து." பிறகு குரலைத் தாழ்த்தி, "தொழுவத்துக்கு இன்னம் ஆள் பாத்துக்கிட்டுத்தான் இருக்காங்களாம்" என்றார்.

நான் அன்றைக்கு ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. காலையில் அண்ணி ஒன்றும் நடக்காதது போல என் தூக்குவாளியையும் சேர்த்து எடுத்துக்கொண்டு நடந்தார். பின்னால் போனேன். அண்ணி பெரியக்காவிடம் விஷயத்தைச் சொன்னார். பெரியக்கா, "சரி, எறங்கு" என்றார். என்னிடமா, அண்ணியிடமா, சேற்றிடமா தெரியவில்லை. எல்லோரும் இறங்கினோம்.

வெயில் ஏறும் நேரம் அவர்கள் வந்தார்கள். இரண்டு பேரும் ஒரே வரப்பில். அதைப் பார்த்ததும் வரிசையே நட மறந்து நிமிர்ந்துவிட்டது. வரப்பு ஒரு ஆள் அகலம். செயலாளர் முன்னால், காரியக்காரர் குடையோடு பின்னால்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. நடவு நடக்கிற வயலோரம் நிலத்துக்காரரோ வழிப்போக்கரோ வந்தால், பெண்கள் ஒரு முடி நாற்றை அவர் காலடியில் வரப்பில் வைத்துக் குலவை போடுவார்கள். அவர் எதையாவது கொடுத்துவிட்டுத்தான் நகரலாம். நாற்றைத் தாண்டிப் போவது பயிருக்கு அவமரியாதை. யாரும் தாண்ட மாட்டார்கள். சுற்றிக்கொண்டு போகலாம் என்றால் இரண்டு பக்கமும் முழங்கால் சேறு. சிரித்துக்கொண்டே சில்லறையை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

பெரியக்கா ஒரு முடி நாற்றை எடுத்துக்கொண்டு கரையேறினார். செயலாளர் காலுக்கு முன்னால் வைத்தார். குலவை கிளம்பியது. பக்கத்து வயலில் உழுதுகொண்டிருந்தவர்கள்கூட மாட்டை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"என்னக்கா இது" என்றார் செயலாளர். "இதெல்லாம் பண்ணையார்கிட்ட கையேந்துற பழைய பழக்கம். சங்கத்துல எத்தன தடவ சொல்லியிருக்கேன்?"

"நீங்களும் வரப்புலதான நிக்கிறீங்க தோழரே" என்றார் பெரியக்கா. "கூடவே பண்ணையும் நிக்கிது. யாருக்கு வச்சன்னு நீங்களே பிரிச்சிக்குங்க."

காரியக்காரருக்குச் செயலாளர் மாட்டிக்கொண்டதில் சந்தோஷம். பையில் கையை விட்டார். "இந்தா, வாங்கிக்கிட்டு வழிய வுடு. பேச வேண்டிய வேலை இருக்கு."

"காசு வாணாங்கய்யா."

"பின்ன என்ன வேணும்?"

"இந்தப் பையன் எங்ககூட நடணும். அத்தக் குடுத்துட்டுப் போங்க."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அத்தனை வருஷத்தில் அப்போதுதான் முகம் பார்த்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

"அதான் முடிவாயிடிச்சே. தாசில்தார் முன்னாடி பேசினது" என்றார் காரியக்காரர்.

"தாசில்தாரா வந்து நடப்போறாரு?" என்றார் அண்ணி கீழேயிருந்து.

"இன்னிக்கி ஒரு பத்தி கொறஞ்சா எல்லாப் பத்தியும் கொறையும்" என்றார் பெரியக்கா. "நாங்க கரையேறிடுவம். பறிச்ச நாத்து எவ்வளவு நேரம் தாங்கும்னு ஐயாவுக்குத் தெரியும்."

காரியக்காரர் வெயிலில் கிடந்த முடிகளைப் பார்த்தார். செயலாளர் குனிந்து முடியைக் கையால் ஒதுக்கப் போனார். பிறகு என்ன நினைத்தாரோ, கையை இழுத்துக்கொண்டார். "ஏக்கா, அவனே கேக்கல, நீங்க ஏன் கேக்குறீங்க? அவனுக்கு வாய் இருக்குல்ல? வந்து சொல்லச் சொல்லுங்க."

என்னை வரப்புக்குக் கூப்பிட்டார்கள். ஏறினேன். எதிரே இரண்டு முகம். பின்னால் உழவுக்காரர்கள் முகம். நடவுக்காரர்கள் முகமும் அப்போது என் மேல்தான். எனக்கு வழக்கமாக வருவது வந்தது. தொண்டை அடைத்தது. காரியக்காரர், "பாருங்க, இவனுக்காகவா இவ்வளவு?" என்றார். அந்த நேரத்தில் தொழுவத்துச் சாணி வாடை எனக்கு அடித்தது. பொய் இல்லை.

நான் மறுபடி வயலில் இறங்கினேன். எல்லோரும் நான் ஓடிப்போகிறேன் என்று நினைத்தார்கள். என் பத்திக்குப் போய்க் குனிந்தேன். கையில் ஒரு பிடி நாற்றை எடுத்து நட ஆரம்பித்தேன். நாலைந்து குத்து நட்டதும் தொண்டை திறந்துகொண்டது.

"எனக்கு அங்க நின்னா வேலையும் வராது, பேச்சும் வராது. இங்க ரெண்டும் வருது" என்று சேற்றிடம் சொன்னேன். "எனக்கு ஆம்பளைக் கூலி வாணாம். இவங்களுக்கு என்னவோ அதான் எனக்கும்."

காரியக்காரர் முகம் தெளிந்தது. "அப்ப சரி. எனக்கு ஆட்சேபணை இல்ல."

"எனக்கு இருக்கு" என்றார் செயலாளர். "ஒருத்தன் கொறஞ்ச கூலிக்கு எறங்குனா மொத்த ஆம்பளைக் கூலியும் எறங்கும். தெரியாமப் பேசாத தம்பி."

நட்டுக்கொண்டே சொன்னேன். "இவங்க கூலிய ஏத்த வைங்க. அப்ப எறங்காதுல்ல."

நான் நிமிரவில்லை. அதனால் முகங்களைப் பற்றி அண்ணி சொல்லித்தான் தெரியும். காரியக்காரருக்கு இப்போதுதான் தெளிந்த முகம் திரும்பவும் சுருங்கிப்போனதாம். செயலாளர் வானத்தைப் பார்த்தாராம். மேடையில் பேச ஒரு நல்ல வார்த்தை கிடைத்தால் அவர் அப்படித்தான் பார்ப்பார். பிறகு, "நடட்டும்" என்றாராம்.

ஆனால் இரண்டு பேரும் ஒப்புக்கொண்டால்தான் வழி. பெரியக்கா இடுப்பில் கை வைத்தபடி காரியக்காரரைப் பார்த்துக்கொண்டு நின்றார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நாற்று வாடிக்கொண்டிருந்தது. கடைசியில் காரியக்காரர்தான் குனிந்து அந்த முடியை எடுத்தார். எடுத்ததும் என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. வயலுக்குள் வீசினார். எனக்கு முன்னால் விழுந்து முகமெல்லாம் சேறு தெறித்தது. அதைப் பிரித்து நட்டேன்.

அதற்குப் பிறகு செயலாளர் போகிற மேடையிலெல்லாம் "ஒரே வயல், ஒரே வரிசை, ஒரே கூலி" என்று முழங்கினார். அது தனக்கு ஒரு நாள் வரப்பில் நிற்கும்போது தோன்றியது என்றும் சொன்னார். வரப்பில் நின்றது என்னவோ உண்மைதான். அடுத்த பேச்சுவார்த்தைக்கு அந்தக் கோரிக்கை போயிற்று. உடனே கிடைத்துவிடவில்லை. கிடைக்கச் சில வருஷம் ஆனது, அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. என் கூலியும் அவர்கள் கூலியோடுதான் ஏறியது.

தெருவில் கேலி அதோடு நின்றதா என்றால் இல்லை. விதம் மாறியது. "நடுறது சரி, ஒழுங்கா நடுறானா?" என்று ஆரம்பித்தார்கள். பொம்பளை கை வேறு, ஆம்பளை கை வேறு, பச்சை பிடித்ததும் தெரிந்துவிடும் என்றார்கள். அண்ணனும் அதையே சொன்னார். எனக்கு உள்ளூரப் பயம்தான். பயிர் கோணினால் காரியக்காரருக்கு ஒரு காரணம் கிடைத்துவிடும். வரப்பில் கொடுத்த வாக்கு அந்த ஒரு நடவுக்கா, எல்லா நடவுக்குமா என்று யாரும் தெளிவாகப் பேசிக்கொள்ளவில்லை.

நாற்று பச்சை பிடித்துத் தூர் கட்டத் தொடங்கியது. முதல் களைக்கு அதே வயலுக்குப் போனோம். நாங்கள் போவதற்கு முன்பே வரப்பில் ஒரு கூட்டம். அண்ணன், அவரோடு நாற்றுப் பறிக்கிறவர்கள், செயலாளர். கொஞ்ச தூரத்தில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுக் காரியக்காரர். இவன் நட்டது எது என்று கண்டுபிடிக்க வந்திருந்தார்கள்.

ஆளுக்கு ஒரு பத்தியைக் காட்டினார்கள். அண்ணன் ஒன்றைக் காட்டினார். அவர் கூட்டாளி வேறொன்றைக் காட்டினார். நடு வயலில் ஒரு பத்தி மட்டும் கொஞ்சம் இப்படி, கொஞ்சம் அப்படி வளைந்து போயிருந்தது. செயலாளர் அதைக் காட்டினார். "இதான். சந்தேகமே இல்ல. மாடு ஒண்ணுக்குப் போன மாதிரி போயிருக்கு பாருங்க." எல்லோரும் சரி என்றார்கள். காரியக்காரரும் தூரத்திலிருந்து தலையாட்டினார். மறுபடியும் இரண்டு கட்சியும் ஒத்துப்போய்விட்டது.

பெரியக்கா வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். அந்தப் பத்தியைப் பார்த்தார். அவர்களைப் பார்த்தார்.

"அது என் பத்தி" என்றார்.

காட்டிய கைகள் எல்லாம் கீழே இறங்கின.

"அன்னிக்கி ஒங்க ரெண்டு பேரையும் ஒரே வரப்புல பாத்த சிரிப்புல நட்டது. மதியம் வரைக்கும் அடங்கல. நேரா எப்படி வரும்?"

முதலில் சிரித்தது அண்ணன்தான். மதகு திறந்தது போலச் சிரித்தார். செயலாளர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். காரியக்காரர் மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பினார். கிளம்பும்போது பெரியக்காவிடம், "குறுவை அறுத்ததும் தாளடி நடவுக்கும் இதே ஆளுங்களோட வந்துடு" என்று சொல்லிவிட்டுப் போனார். ஆளைக் குறைத்துக்கொண்டு வா என்று சொல்லவில்லை.

"அப்ப ஒன் பத்தி எதுடா?" என்று அண்ணன் என்னைக் கேட்டார்.

நான் வயலைப் பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை. எல்லாம் ஒரே பச்சையாக நின்றது. அண்ணி, "கண்டுபுடிங்களேன், அதுக்குத்தான வந்தீங்க" என்றார்.

களை நிறையக் கிடந்தது. களை எடுப்பதும் பொம்பளை வேலைதான். இறங்கினேன்.

எழுதி முடித்தது: ஆனி மாதம் பதினேழாம் தேதி, வியாழக்கிழமை. ஆற்றில் இன்னும் தண்ணீர் வரவில்லை.